பழைய வண்டிக்குப் புதிய விலை



ஏலம் என்பது நமக்குப் புதியதன்று. விடியற்காலையிலே கரைக்கு வரும் மீனைக் கூறி விற்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிற் பலர். கோவில் திருவிழாவிலே சுவாமிக்குப் படைத்த மாம்பழம் ஒன்றை, சந்தை விலையைப் போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கொடுத்து ஏலத்தில் எடுப்போரையும் கண்டிருக்கிறோம். அடைவு வைத்து மீட்கப்படாத நகைகள் ஏலத்துக்கு வருவதையும் அறிவோம். மூன்றும் ஏலமே, ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. மீனுக்கு விலை அதன் பயனாலே வருகிறது. நகைக்கு விலை பொன்னின் நிறையாலே வருகிறது. மாம்பழத்துக்கோ, அதனைச் சூழ்ந்து நிற்கும் கதையாலும் நம்பிக்கையாலும் விலை வருகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பழைய மோட்டார் வண்டிகளையும், மணிக்கூடு முதலிய பழைய பொறிகளையும் தேடிச் சேர்ப்பதும், அவற்றை ஏலத்தில் விற்பதும் மேல்நாடுகளிலே ஒரு பெரிய வாணிபமாகவும், சிலருக்கு ஒரு தவமாகவும் வளர்ந்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலுள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்திலே ஒரு வண்டி ஏலம் போயிற்று. அது 1955இல் செய்யப்பட்டது. அவ்வகையில் உலகில் மொத்தம் இரண்டே வண்டிகள் உண்டு. அதற்குக் கிடைத்த விலை 13 கோடியே 50 இலட்சம் யூரோ. அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியும் ஏலத்தில் அந்த விலையின் பாதியைக்கூடப் பெற்றதில்லை. இத்தனை பொருளைக் கொடுத்தவர் எதனை வாங்கினார்? இரும்பையா, இறப்பரையா, தோல் தைத்த ஆசனத்தையா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிலே, பழமைக்கும் வகுப்புகள் உண்டு என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். இங்கிலாந்திலே 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' என்பர். இது முந்திரிகைத் தோட்டத்தின் அறுவடையைக் குறிக்கும் சொல். மதுவின் ஆண்டைச் சுட்டப் பயன்பட்டு, பின்னர் வண்டிக்கும் வந்தது. 1905ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளோ 'வெட்டரன்', அதாவது முதுபெரு வண்டிகள். இந்த முதியோருக்கென்றே ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை வரை ஓர் ஓட்டம் நடைபெறுகிறது. அது போட்டியன்று, முந்தி வந்தவருக்குப் பரிசில்லை. 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நிகழ்ந்த ஓர் ஓட்டத்தின் நினைவு அது. அந்நாள்வரை அந்நாட்டுச் சட்டம் இயந்திர வண்டியை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலே செல்ல விடவில்லை. வண்டிக்கு முன்னே ஒருவர் நடந்து செல்லவும் வேண்டியிருந்தது. அச்சட்டம் நீங்கிய மகிழ்ச்சியிலேதான் அன்று வண்டிகள் புறப்பட்டன. 1927இல் அந்த ஓட்டத்தை மீண்டும் நடத்தினார்கள். பழைய வண்டியைப் பேணுதல் என்னும் பழக்கம் பலரறிய நிலைபெற்றதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

இனி, ஒரு வண்டி எவ்வாறு குப்பையிலிருந்து பொக்கிஷமாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். எத்தோரே புகாட்டி என்பவர் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலே வண்டி செய்தவர். அரசர்களுக்கென்றே ஒரு வண்டி செய்ய வேண்டும் என்று அவர் எண்ணினார். 'றோயல்' எனப் பெயர் பெற்ற அவ்வண்டியின் இயந்திரம் 12 லீற்றருக்கும் மேற்பட்ட கொள்ளளவு உடையது. இருபத்தைந்து செய்யத் திட்டமிட்டார்; செய்து முடித்தவை ஆறு; வாங்குவாரிடம் விற்றவை மூன்றே மூன்று. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்திலே அரசர்களும் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். வண்டிக்கென வைத்திருந்த அந்தப் பெரிய இயந்திரங்களைப் புகாட்டி புகையிரதப் பாதையில் ஓடும் பெட்டிகளுக்குப் பொருத்தி விற்றார்.

அந்த ஆறில் ஒன்று நியூயோர்க்கிலே பழைய இரும்பு போடும் இடத்திற் கிடந்தது. அதனை ஒரு பொறியியலாளர் மீட்டெடுத்துச் செப்பனிட்டுப் பின்னர் ஹென்றி போர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். வேறு இரண்டை 1950இல் புகாட்டி குடும்பத்தாரிடமிருந்து பிறிக்ஸ் கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் வாங்கினார். சில நூறு டொலர்களோடு, போருக்குப் பின் பிரான்சிற் கிடைத்தற்கரிய குளிர்ப்பெட்டிகளையும் கொடுத்து அவற்றைப் பெற்றார் என்று கூறுவர். அவ்விரண்டில் ஒன்று 1987ஆம் ஆண்டு நவம்பரிலே இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் ஏலத்துக்கு வந்தது. விலை 55 இலட்சம் பவுண். முப்பத்தேழு ஆண்டுகளிலே அவ்வண்டியில் ஓர் ஆணியும் கூடவில்லை. கூடியது காலம், அருமை, அதனைப் பற்றிய பேச்சு. இம்மூன்றுமே விலையாயின.

ஏலம் நடக்கும் முறையைச் சிறிது பார்ப்போம். சொதபிஸ், கிறிஸ்டிஸ், பொன்ஹம்ஸ் ஆகிய ஏல நிறுவனங்கள் இலண்டனிலே பதினெட்டாம் நூற்றாண்டிலே தோன்றியவை. முன்னாளில் நூலும் ஓவியமும் விற்றவர்கள் பிற்காலத்தில் மோட்டார் வண்டிக்கும் இடங்கொடுத்தார்கள். விற்க விரும்புபவர் வண்டியை நிறுவனத்திடம் ஒப்படைப்பார். நிறுவனத்தார் அதன் வரலாற்றை ஆராய்ந்து, படங்களுடன் ஒரு விபரப் பட்டியல் அச்சிடுவர். இத்தனை முதல் இத்தனை வரை போகலாம் என்று ஒரு மதிப்பும் அதிற் காணப்படும். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று விற்பவருடன் பேசிக்கொண்ட ஓர் அடிவிலையும் உண்டு. அது இரகசியமாக வைக்கப்படும். அடிவிலை இல்லாமலே வருகின்ற வண்டியும் உண்டு. அப்படியான வண்டிக்குத்தான் கூட்டம் அதிகம். ஏனெனில், மலிவாய்க் கிடைக்கும் என்ற ஆசை பலரை இழுத்து வரும். பலர் வந்தால் விலை தானே ஏறும். இதுவும் ஒரு தந்திரமே.

சுத்தியல் விழுந்த விலையோடு காரியம் முடிவதில்லை. வாங்குபவர் அதன்மேல் நூற்றுக்குப் பத்து, பதினைந்து என நிறுவனத்துக்கும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். வரியும், காப்புறுதியும், ஏற்றுகூலியும் வேறு. மண்டபத்தில் இருப்பவர் மாத்திரமன்றி, தொலைபேசியிலும் இணையத்திலும் இருந்து கேட்பவர்களும் இன்று உண்டு. ஆகவே, ஏலத்துக்குப் போகிறவன் வீட்டை விட்டுப் புறப்படுமுன் தன் எல்லையைக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அனுபவசாலிகள் கூறும் அறிவுரை. மண்டபத்தின் சூடு மனிதனின் கணக்கை அழித்துவிடும்.

விலையைத் தீர்மானிப்பன எவை? அருமை ஒன்று; அழகு ஒன்று; பந்தயத்தில் வென்ற புகழ் ஒன்று; யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் வழிமுறை ஒன்று. இவையனைத்துக்கும் மேலாக, 'இது அதுதானா?' என்னும் கேள்வி ஒன்று உண்டு. வண்டியின் சட்டத்தில் ஓர் இலக்கமும் இயந்திரத்தில் ஓர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை தொழிற்சாலைப் பதிவோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் விலை பாதியாகலாம், அதற்குங் குறையலாம்.

இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. 'பழைய முதலாம் இலக்கம்' என்று பெயர் பெற்ற ஒரு பென்ற்லி வண்டி, பிரான்சில் லெ மான் என்னும் இடத்திலே நடக்கும் 24 மணிநேரப் பந்தயத்தை 1929இலும் 1930இலும் வென்றது. பின்னர் அதற்கு வேறு இயந்திரம் பூட்டினார்கள், சட்டத்தை மாற்றினார்கள். 1932இலே புறூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது கரை தாண்டி விழுந்து ஓட்டியவரைப் பலிகொண்டது. மீண்டும் அதனைக் கட்டியெழுப்பி மூடு வண்டியாக்கினார்கள். பல்லாண்டுகளுக்குப் பின்னர் அதனை ஒரு கோடி பவுணுக்கு விற்க உடன்பாடாயிற்று. வாங்க இசைந்தவர்களோ, '1929இல் ஓடிய வண்டியில் இதில் என்ன மிஞ்சியிருக்கிறது? இது அதுவன்று' என்று பின்வாங்கினார்கள். 1990இல் இலண்டன் நீதிமன்றம் வழக்கை விசாரித்தது. முதல் வென்ற வண்டியின் பாகங்களில் மிஞ்சியவை மிகச் சொற்பம் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும், அவ்வண்டி ஒரு நாளிலே மறைந்து மறுநாள் வேறொன்றாய்த் தோன்றியதன்று. பகுதி பகுதியாக மாறி மாறி, இடையறாத ஒரே வாழ்வை வாழ்ந்தது. 'நானே அது' என்று உரிமை கொண்டாட வேறு வண்டியும் உலகில் இல்லை. ஆதலால் இதுவே அது என்று தீர்ப்பளித்தார்.

கிரேக்கர்கள் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார்கள். பழுதான பலகைகளை ஒவ்வொன்றாய் மாற்றி, கடைசியில் எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பலா என்பது அவர்களுடைய வினா. நமக்கு இது நூலிற் படித்து விளங்கவேண்டிய விடயமன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். பின்னர் அது வேறோர் இடத்தில் எழுந்தது. காலந்தோறும் திருப்பணி பெற்றது. ஆயினும் அடியார்க்கு அது நல்லூர்க் கோவிலே. கல் மாறினாலும் தொடர்பு அறாதிருந்தால் பொருள் மாறுவதில்லை என்பது நம்மவர் கண்ட முடிபு. அந்த ஆங்கில நீதிபதியும் அதே முடிபுக்கு வந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஆனால் சேகரிப்போருள் இதற்கு நேர் எதிரான கருத்துடையோரும் உண்டு. புதுப்பூச்சுப் பூசாதே, துருவையும் துடைக்காதே என்பர் அவர்கள். இதற்கு ஓர் உதாரணம் 2015இல் பாரிஸ் நகரில் நடந்த ஏலம். மேற்குப் பிரான்சிலே றொஜே பையோன் என்னும் போக்குவரத்து வணிகர் 1950கள் தொடக்கம் பழைய வண்டிகளைச் சேர்த்து வந்தார். அருங்காட்சியகம் ஒன்று அமைப்பதே அவர் கனவு. 1970களிலே தொழில் நொடித்தது. ஒரு பகுதி வண்டிகள் விற்கப்பட்டன. மிகுதி, கொட்டில்களிலும் தகரத் தாழ்வாரங்களிலும் மழையையும் இலைச்சருகையும் தாங்கிக்கொண்டு பல்லாண்டுகள் கிடந்தன. அவருடைய சந்ததியார் ஏல நிறுவனத்தாரை அழைத்துக் காட்டிய பின்னரே உலகம் அறிந்தது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே ஒரு பெராரி வண்டி இருந்தது. புழுதியோடு புழுதியாக அதனை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார்கள்; 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கு மேலே போயிற்று. வண்டியைப் புதிதாக்குவது பலமுறை செய்யக்கூடிய காரியம்; அது தொடப்படாத பழமையோடு இருப்பதோ ஒரே ஒரு முறைதான். ஒருமுறை துடைத்துவிட்டால் அந்தப் பழமை திரும்பி வராது. வாங்கியவர் அந்தப் புழுதிக்கும் சேர்த்தே விலை கொடுத்தார்.

மோட்டார் வண்டிக்குச் சொன்னது ஏனைய பொறிகளுக்கும் பொருந்தும். பேட்டெக் பிலிப் என்னும் சுவிஸ் மணிக்கூட்டு நிறுவனம் 1933இலே ஹென்றி கிறேவ்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வருக்கு ஒரு சட்டைப்பை மணிக்கூட்டைச் செய்து கொடுத்தது. நேரம் காட்டுவதோடு, திகதியும், நிலவின் வளர்பிறை தேய்பிறையும், நியூயோர்க் வானத்தின் நட்சத்திர நிலையும் காட்ட வல்லது அது. எல்லாம் பற்சக்கரங்களாலேயே இயல்வன. கணிப்பொறி தோன்றாத காலத்தில் தாளும் பென்சிலும் கொண்டு கணித்துச் செய்தவை. 1999இல் அது ஒரு கோடியே 10 இலட்சம் டொலருக்கும், 2014இல் ஜெனீவாவிலே இரண்டு கோடியே 40 இலட்சம் டொலர் அளவுக்கும் ஏலம் போயிற்று.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், 'அப்படியானால் இது நல்ல முதலீடு அல்லவா?' என்று கேட்கலாம். அவசரம் வேண்டாம். 1980களின் பிற்பகுதியிலே வண்டி விலைகள் ஏணி வைத்தது போல் ஏறின. வண்டியை அறியாதவரும், ஓட்டத் தெரியாதவரும், கடன் பட்டும் வாங்கினார்கள். 1990ஐ ஒட்டிச் சந்தை சரிந்தது. வாங்கிய விலையில் பாதிகூடப் பெறாமல் விற்றவர் பலர். இலாபத்துக்காக வாங்கியவனுக்கு விலை இறங்கினால் கையில் இருப்பது நட்டம். விருப்பத்துக்காக வாங்கியவனுக்கோ விலை இறங்கினாலும் கையில் இருப்பது வண்டி.

இன்னொரு வரலாற்றையும் நான் சொல்லாமல் விடமுடியாது. செல்வர்களின் விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிடாதிருக்க அது நமக்கு உதவும். அல்சாஸ் பகுதியிலே ஹன்ஸ், பிறிட்ஸ் என இரண்டு ஷ்லும்ப் சகோதரர்கள் கம்பளி நூல் ஆலைகளை நடத்தினார்கள். இளையவர் பிறிட்ஸுக்குப் புகாட்டி வண்டிகளிலே தீராத மோகம். உலகெங்கும் ஆளனுப்பி வாங்கினார். 1964இலே அமெரிக்காவிலிருந்து ஒரே தடவையில் முப்பது புகாட்டிகளை வாங்கினார். மேலே நான் கூறிய றோயல் வண்டி ஆறில் இரண்டு அவரிடம் வந்து சேர்ந்தன. முலூஸ் நகரிலுள்ள ஓர் ஆலையின் உள்ளே மறைவாக, பாரிஸ் நகரத்துப் பாலமொன்றின் விளக்குகளைப் போலவே நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்களை நாட்டி, அவற்றின் இடையே நானூறுக்கு மேற்பட்ட வண்டிகளை நிறுத்தி வைத்தார். ஊருக்கு அதனை அவர் திறந்து காட்டவில்லை.

1976இல் நூல் வாணிபம் வீழ்ந்தது, தொழிலாளர் வேலையிழந்தனர், வேலைநிறுத்தம் மூண்டது, சகோதரர்கள் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார்கள். 1977 மார்ச் மாதத்திலே தொழிலாளர் அந்த ஆலைக்குள் நுழைந்தபோது, தங்கள் உழைப்பின் பயன் எங்கே போயிற்று என்பதைக் கண்ணாரக் கண்டார்கள். வரிசை வரிசையாக நின்றன வண்டிகள். கோபத்தில் அவற்றை நொறுக்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆலையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, 'தொழிலாளர் அருங்காட்சியகம்' என்று பெயரிட்டு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கடன் கொடுத்தோர் வண்டிகளை ஏலத்தில் பிரித்து விற்கும் அபாயம் எழுந்தபோது, பிரெஞ்சு அரசு 1978இலே அச்சேகரிப்பு முழுவதையும் நாட்டின் வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனம் செய்தது. 1981இல் பொது நிறுவனங்கள் சேர்ந்த சங்கம் ஒன்று 4 கோடியே 40 இலட்சம் பிராங்குக்கு அதனை வாங்கிற்று. 1982இலே அது தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் அது நிலைத்திருக்கிறது.

ஏலம் பொருள்களைக் காப்பாற்றவும் செய்யும், சிதறடிக்கவும் செய்யும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா? விலை இல்லாவிடில் அந்தப் புகாட்டிகள் பழைய இரும்பாயிருக்கும். விலை மாத்திரமே பெரிதென்றிருந்தால் அவை நூறு நாடுகளுக்குப் பிரிந்து போயிருக்கும். பொருளின் பெறுமதியை உணர்த்தச் சந்தை வேண்டும். எப்பொழுது விற்கலாகாது என்று சொல்ல மனச்சாட்சி வேண்டும்.

நம் நாட்டுக்கும் இவ்விடயத்தில் ஒரு பங்குண்டு. யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடின. சில இன்றும் ஓடுகின்றன. 1990களிலே எரிபொருள் தடை நிலவிய காலத்தில், சிறிது பெற்றோலைக் கொண்டு இயக்கித் தொடக்கி, மண்ணெண்ணெயிலே அவற்றை ஓட்டினார்கள் நம் மக்கள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மணமக்களையும் சுமந்தவை அவை. புதிய உதிரிப்பாகம் வராத நாளில், கராஜ்களிலே கடைசற் பொறியில் கடைந்தும் அரத்தால் அராவியும் பாகங்களைச் செய்து கொடுத்த கைகள் இருந்தன. பந்தயத்தில் வென்ற வண்டிக்குக் கதை உண்டு என்றால், இவ்வண்டிகளுக்குக் கதை இல்லையா? விலைப்பட்டியலிலே அக்கதை ஏறவில்லை என்பதுதான் வித்தியாசம். அதை எழுதி வைப்பார் இன்மையே காரணம்.

ஆதலால் நேயர்களுக்கு நான் கூற விரும்புவது சில. வீட்டிலே பாட்டனார் பாவித்த வண்டியோ, சைக்கிளோ, தையற்பொறியோ, கிராமபோனோ இருந்தால், பழைய இரும்புக்காரர் நிறைப்படி கேட்கும் விலைக்கு அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அதன் பதிவுப் புத்தகம், பற்றுச்சீட்டு, பழைய நிழற்படம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து வையுங்கள். பொருளைவிட இவை சிலவேளை விலைமதிப்புள்ளவை. சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மினுக்குவதற்காகப் பழைய பூச்சைச் சுரண்டுமுன், அறிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனை ஓட்டியவரும் திருத்தியவரும் உயிரோடிருக்கும்போதே அவர்களுடைய வாயால் அதன் வரலாற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலை மாணவர்க்கு இதனை ஒரு வரலாற்றுப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். தேதிகளை மனனம் செய்யச் சலிக்கும் பிள்ளை, தன் பேரனாரின் வண்டியைப் பற்றி எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுகிறது.

தொடக்கத்தில் கூறிய 13 கோடியே 50 இலட்சம் யூரோவை வண்டியின் சொந்தக்காரரான மெர்சிடிஸ் நிறுவனம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சுற்றாடலைக் காக்கும் விஞ்ஞானங்களிலே இளைஞர் கல்வி கற்பதற்கும் ஆராய்ச்சி செய்வதற்கும் உதவும் நிதியமொன்றுக்கு அது ஒதுக்கப்பட்டது. அந்த இரட்டையரில் மற்றைய வண்டியை நிறுவனம் விற்கவில்லை. தன் உடைமையாகவே வைத்துக்கொண்டது. ஒன்றை விற்று இளையோரைப் படிப்பித்தல், ஒன்றைப் பேணிப் பழமையைக் காத்தல் என்னும் இரண்டும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தன. பழம்பொருள் வைத்திருப்போர் யாவரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு கணக்கு அது.